வானவில் ஈர்ப்பும் வட்டிக் கணக்கும்

ஆற்றலும் நிறையும் ஒன்றுதான் என்றால், சிவப்பு ஒளியைவிட ஆற்றல் கூடிய நீல ஒளியைச் சூரியன் சற்று அதிகமாக இழுத்து வளைக்க வேண்டாமா? வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது; நியாயமான கேள்வியும்கூட. இழுப்பு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவுக்குத் திருப்புவதும் கடினமாகிவிடுகிறது என்பதுதான் பதில். இரும்புக் குண்டும் கூழாங்கல்லும் ஒன்றாக விழுவதும் இதனால்தான். ஐன்ஸ்டைனிடம் இது இன்னும் கறார்: வளைந்திருப்பது வெளியும் காலமும், அதில் போவது எந்த நிறம் என்று அவை பார்ப்பதில்லை. வானியலாளர்கள் இதை ஒரு சோதனையாகவே கையாள்கிறார்கள். ஒரு விண்மீன் திடீரென்று பிரகாசித்தால் நீலத்திலும் சிவப்பிலும் தனித்தனியே அளப்பார்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கினால், குறுக்கே போன ஏதோவொன்றின் ஈர்ப்பு அந்த ஒளியைக் குவித்திருக்கலாம். இல்லையென்றால் விண்மீனே மாறுகிறது. சூரியனை ஒட்டி வரும் ரேடியோ அலைகள் அலைவரிசைக்கு ஏற்ப வெவ்வேறாக வளைவது உண்மைதான். ஆனால் அது அங்குள்ள பிளாஸ்மாவின் வேலை. அதைக் கழித்துவிட்டால் எல்லா அலைகளுக்கும் ஒரே வளைவுதான் மிஞ்சுகிறது.

வரலாறு வேண்டுவோருக்கு ஒரு வரி: 1801இல் வானியலாளர் சோல்ட்னர் நியூட்டன் வழியில் பாதி வளைவைக் கணக்கிட்டார், 1915இல் ஐன்ஸ்டைன் முழு வளைவைச் சொன்னார், 1919 கிரகணத்தில் எடிங்டன் குழுவினர் அளந்தார்கள். இரண்டு கணக்கிலும் நிறத்துக்கு இடமே இல்லை.

சந்தேகம் குவாண்டம் பக்கத்திலிருந்து வந்தது. வெளி மிகமிக நுண்ணிய அளவில் வழவழப்பாக இல்லாமல் கரடுமுரடாக இருந்தால், ஆற்றல் கூடிய ஒளி அதைக் கொஞ்சம் வேறுவிதமாக உணரலாம்; அதன் வேகமும் ஆற்றலுக்கு ஏற்பச் சற்று மாறலாம். 2004இல் இயற்பியலாளர்கள் மகெய்ஜோவும் ஸ்மோலினும் இதற்கு 'வானவில் ஈர்ப்பு' என்று கவர்ச்சியான பெயர் வைத்தார்கள். 2013இல் இதை வைத்தே பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்று செய்திகள் கிளம்பின. அந்தக் கணக்குக்கு அடியில் ஓர் அளவீடுகூட இருக்கவில்லை. உருப்படியான யோசனை அதற்கு முன்பே, 1998இல், அமெலினோ-கமேலியாவும் சகாக்களும் சொன்னது: தொலைதூரக் காமா கதிர் வெடிப்புகளில் எந்த ஒளி முந்துகிறது, எது பிந்துகிறது என்று பாருங்கள்.

இது வட்டிக்கடைத் தந்திரம். வட்டி விகிதம் எவ்வளவு அற்பமாக இருந்தாலும், அசலும் காலமும் பெரிதாக இருந்தால் கையில் ஏதாவது சேர்ந்துவிடும். இங்கே விகிதம் என்பது ஒளித்துகளின் ஆற்றலை, வெளியின் கரடுமுரடு முழுதாக வெளிப்படும் என்று கருதப்படும் பிளாங்க் ஆற்றலால் வகுத்தது. 31 கிகா எலெக்ட்ரான் வோல்ட் துகளுக்கு அது பத்தாயிரம் கோடி கோடியில் இரண்டரைப் பங்கு. எந்தக் கணக்கப்பிள்ளையும் தள்ளுபடி செய்துவிடுவார். ஆனால் 2009 மே 10 அன்று ஒரு காமா கதிர் வெடிப்பிலிருந்து ஃபெர்மி விண்கலம் பிடித்த அத்தகைய துகள் ஒன்று 730 கோடி ஆண்டுகள் பயணித்து வந்தது. பெருக்கிப் பார்த்தால் தாமதம் அரை விநாடியைத் தாண்டுகிறது! கணக்கு அத்தோடு முடியவில்லை. பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் ஆற்றல் வழியில் தேய்கிறது. புறப்பட்டபோது அது ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தது. ஆக, ஆரம்ப காலத்து வட்டி விகிதம் அதிகம். அப்போது சேர்ந்த தாமதமும் வெளியோடு சேர்ந்து நீள்கிறது, அதாவது வட்டிக்கு வட்டி. இப்படியெல்லாம் சேர்த்தால் அந்தத் துகள் ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாகத் தாமதித்திருக்க வேண்டும். வெடிப்பு தொடங்கி 0.86 விநாடிக்குள் அது வந்து நின்றது.

கடன் வாங்கிய தேதி தெரியாமல் வட்டி கணக்கிடலாமா என்று யாரும் மடக்கலாம். துகள்கள் எல்லாம் ஒரே கணத்தில் கிளம்பின என்பதற்குச் சாட்சி இல்லை. ஆற்றல் கூடியது கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, வழியில் பிந்தி, இரண்டும் ஈடாகியிருக்கலாம். இந்த ஆட்சேபம் வலுவானது, இரு பக்கமும் வெட்டக்கூடியது. 2005இல் மார்க்கேரியன் 501 விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த உயர் ஆற்றல் ஒளி நான்கு நிமிடம் பிந்தியதை மேஜிக் தொலைநோக்கி கண்டபோது, ஐன்ஸ்டைன் ஆட்டம் கண்டுவிட்டார் என்று சிலர் துள்ளினார்கள். அந்த நான்கு நிமிடமும் வெளியின் வேலையென்றால், ஃபெர்மியின் துகள் ஒரு நிமிடமளவு பிந்தியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை, ஆகவே மார்க்கேரியன் தாமதத்துக்கு மூலத்திலேயே காரணம் தேடுவதுதான் சரி. மூலத்தில் நேரும் முன்பின், தூரத்தோடு ஒழுங்காக வளராது. வெளி விதிக்கும் தாமதம் வளரும். அதனால் பல தூரங்களில் பல வெடிப்புகளை ஒப்பிட்டால் இரண்டையும் பிரித்துவிடலாம்.

2022 அக்டோபர் 9 அன்று வந்த வெடிப்பு இதுவரை கண்டவற்றிலேயே மிகப் பிரகாசமானது. சீனாவின் சிச்சுவான் மலையில் 4,410 மீட்டர் உயரத்தில் உள்ள லாசோ ஆய்வகம் அதிலிருந்து 64,000க்கும் மேற்பட்ட உயர் ஆற்றல் துகள்களைப் பதிவுசெய்தது. தனித் துகளின் தயவில் நிற்காமல், மொத்த ஒளியும் ஏறி இறங்கிய விதத்தையே வைத்து 2024இல் வெளியிட்ட முடிவு: ஆற்றலுக்கு நேர்விகிதமான தாமதம் இருந்தாலும், பிளாங்க் அளவில் எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குக்குள்தான். இதனால் வானவில் ஈர்ப்பு செத்துவிட்டதாகச் சொல்வதும் மிகைதான். தாமதம் ஆற்றலின் வர்க்கத்தைப் பொறுத்தது என்றும் ஒரு வகைக் கொள்கை உண்டு. அந்த அற்ப விகிதத்தை அதனாலேயே மறுபடி பெருக்க வேண்டியிருப்பதால், 730 கோடி ஆண்டு அசலுக்கும் வட்டி ஒன்றும் தேறாது. அங்கே பிளாங்க் அளவை நெருங்க இன்றைய கருவிகள் எதற்கும் வக்கில்லை.