முக்தியின் தாய் பண்டித ரமாபாய்



மும்பையிலிருந்து சென்னைக்குச் செல்லும் இருப்புப்பாதையில், புனேயைக் கடந்து தௌண்ட் சந்திப்பை எட்டுவதற்கு முன்பாகக் கேட்காவ் என்னும் சிறிய நிலையம் ஒன்று உண்டு. விடுமுறையில் சொந்த ஊருக்குப் பயணமாகும் நம் குடும்பங்களில் அநேகர், அதன் பெயர்ப்பலகையைக் கவனியாமலே கடந்துபோகிறோம். அந்த ஊரில்தான், பெற்றோரையும் கணவனையும் இழந்த ஏறத்தாழ இரண்டாயிரம் பெண்களும் பிள்ளைகளும் ஒரு தாயின் சிறகின்கீழ் வாழ்ந்தார்கள். அந்தத் தாய் பண்டித ரமாபாய் அம்மையார். ஆசிரியையாகவும், தாயாகவும், ஒரு பெரிய ஜனக்கூட்டத்தின் ஆதரவாகவும் விளங்கிய அவரது வாழ்வை இம்மாதம் நினைவுகூருவோம்.

விடியுமுன் கற்ற பாடம்

ரமாபாய் 1858 ஏப்ரல் 23-ஆம் நாள், இன்றைய கர்நாடகத்தின் மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டில் பிறந்தார். தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, சமஸ்கிருதத்தில் தேர்ந்த பண்டிதர். பெண்களுக்குக் கல்வி ஆகாது என்று சமுதாயம் விதித்திருந்த அந்நாட்களில், அவர் தம் இளம் மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். உறவினரின் எதிர்ப்பு எழுந்தபோதிலும் அவர் பின்வாங்கவில்லை.

தந்தை முதிர்வயதடைந்தபின், மகளுக்குக் கற்பிக்கும் பொறுப்பைத் தாய் ஏற்றார். பகலெல்லாம் வீட்டுவேலை. ஆகையால் பொழுது விடியுமுன்னே மகளை எழுப்பி, மடியில் அணைத்துக்கொண்டு பாடம் சொல்லிக்கொடுத்தார். ஆயிரக்கணக்கான சுலோகங்கள் ரமாபாயின் நெஞ்சில் பதிந்தது இப்படித்தான். பிற்காலத்தில் அவர் ஆங்கிலத்தில் எழுதி, 1887-இல் அமெரிக்காவில் வெளியான புகழ்பெற்ற நூலைத் தம் தாயின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

துயரங்களின் பாதை

இக்குடும்பம் புண்ணியத்தலங்களில் புராணம் வாசித்து, ஊர் ஊராய் நடந்து பிழைத்தது. 1870-களில் தென்னிந்தியாவில் உண்டான பஞ்சத்தில் தந்தையும், சில மாதங்களில் தாயும், அதன்பின் மூத்த சகோதரியும் மரித்தார்கள். எஞ்சிய ரமாபாயும் சகோதரன் சீனிவாசனும் பசியோடு நெடுந்தூரம் நடந்து, 1878-இல் கல்கத்தாவை அடைந்தார்கள். அங்கிருந்த கற்றறிந்தோர் இந்த இளம்பெண்ணின் புலமையைக் கண்டு வியந்து, பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டம் சூட்டினர்.

1880-இல் சகோதரன் மரித்தான். அதே ஆண்டில், வேறு சாதியைச் சேர்ந்த வங்க வழக்கறிஞர் விபின் பிஹாரி மேதாவியை ரமாபாய் மணந்தார். மனோரமா என்ற மகள் பிறந்தாள். குழந்தைக்கு ஒரு வயது நிறையுமுன்னே, 1882-இல், கணவர் காலராவால் மரித்தார். இருபத்துமூன்று வயதில் கைக்குழந்தையோடு விதவையாக நின்றார் ரமாபாய்.

விதவை மூலையில் ஒதுங்கியிருக்கவேண்டும் என்றது அன்றைய உலகம். அவரோ புனேக்கு வந்து, அதே ஆண்டில் பெண்களுக்கென ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். அரசாங்கத்தின் கல்விக் கமிஷன்முன் சாட்சியளித்து, பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று வற்புறுத்தினார்.

மார்க்கத்திலிருந்து மீட்பரிடத்திற்கு

1883-இல் இங்கிலாந்துக்குச் சென்ற அவர், அவ்வாண்டு செப்டம்பரில் மகளோடு ஞானஸ்நானம் பெற்றார். செல்டன்ஹாம் பெண்கள் கல்லூரியில் சமஸ்கிருதம் கற்பித்தார். பின்பு அமெரிக்காவுக்குச் சென்று, இந்திய விதவைகளின் நிலையை எடுத்துரைத்து உதவி திரட்டினார்.

ஞானஸ்நானத்தின்போது தாம் கிறிஸ்துவின் மார்க்கத்தைக் கண்டதாகவும், கிறிஸ்துவையே கண்டது ஏறக்குறைய எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர்தான் என்றும் அவரே பிற்காலத்தில் சாட்சி எழுதினார். பிரியமானவர்களே, பிறவிக் கிறிஸ்தவர்களாகிய நாம் நின்று சிந்திக்கவேண்டிய இடம் இது. வேதத்தை அறிவது வேறு, வேதத்தின் நாயகரை அறிவது வேறு.

புத்தகம் ஏந்திய கைகள்

1889 மார்ச் 11-ஆம் நாள், பம்பாயின் சௌபாத்தியில் சாரதா சதன் என்னும் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டே அது புனேக்கு மாறியது. அதன் முதல் மாணவியரில் ஒருவரான கோதுபாய் என்னும் இளம் விதவையை, தோண்டோ கேசவ் கார்வே 1893-இல் மறுமணம் செய்தார். பெண்களுக்கான பல்கலைக்கழகத்தை 1916-இல் நிறுவி, 1958-இல் பாரத ரத்னா பெற்றவர் இந்தக் கார்வேயே.

எதிர்ப்பும் வந்தது. ரமாபாயின் ஜெபவேளையில் மாணவியரும் வந்து அமர்ந்தபோது, நகரில் பெரும் கலகம் உண்டாயிற்று. பலர் தங்கள் பெண்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். அவர் சோர்ந்துபோகவில்லை.

1896-97-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. பசியில் பெற்றோரையும் சகோதரியையும் பறிகொடுத்தவரால் வீட்டில் அமர்ந்திருக்க முடியவில்லை. அங்கு சென்று, ஏறக்குறைய முந்நூறு பெண்களையும் சிறுமிகளையும் மீட்டு வந்தார். அவர்களுக்காகக் கேட்காவில் வாங்கியிருந்த நிலத்தில் எழுந்ததே முக்தி சதன். 1900-இல் குஜராத்தைப் பஞ்சம் தாக்கியபோது இன்னும் நூற்றுக்கணக்கானோர் வந்து சேர்ந்தனர்.

அங்கே வந்தவர்களுக்குச் சோறு மாத்திரம் போடப்படவில்லை. எழுத்து கற்பிக்கப்பட்டது. நெசவு, விவசாயம், அச்சுத்தொழில் ஆகியவை பழக்கப்பட்டன. பார்வையற்றோர் விரலால் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்தைக் கற்றனர். சீரழிக்கப்பட்ட பெண்களுக்குக் கிருபா சதன் என்று தனி இல்லம் இருந்தது. உலகம் பாரமென்று தள்ளிய சிறுமிகள், அங்கே பிறருக்குக் கற்பிக்கும் ஆசிரியைகளாக எழும்பினார்கள்.

எழுப்புதல் இறங்கிய இடம்

1905 ஜனவரியில் எழுப்புதலுக்காக எழுபது பேரளவில் ஜெபிக்கத் தொடங்கினர். ஜூன் மாதத்திற்குள் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் நாள்தோறும் கூடினர். அம்மாத இறுதியில் ஆவியானவர் வல்லமையாய் அசைவாடினார். பாவ அறிக்கையும், கண்ணீரும், ஆனந்தக் களிப்பும் முக்தியை நிறைத்தன. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் அசுசா தெரு எழுப்புதல் 1906 ஏப்ரலில்தான் தொடங்கியது என்பதை நினைவிற்கொள்க. முக்தியின் ஊழியக்காரி மின்னி ஏப்ராம்ஸ் எழுதிய சிறுநூல், தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலிருந்த அவரது தோழியின் கைக்கு எட்டியது. 1909-இல் அங்கு மூண்ட எழுப்புதலுக்கு அதுவும் ஒரு தூண்டுகோலாயிற்று.

அந்த அக்கினி எங்கே இறங்கியது? பஞ்சத்தில் அநாதையான சிறுமிகளின்மேலும், விதவைகளின்மேலும் அல்லவா? அந்த ஜெபவீரர்கள் தானியம் அரைத்தார்கள், வயலில் உழைத்தார்கள், பாடம் படித்தார்கள். முழங்காலும் புத்தகமும் முக்தியில் பிரிந்திருக்கவில்லை.

மகளை அடக்கம்பண்ணிய தாய்

மனோரமா வெளிநாட்டில் கல்வி கற்றுத் திரும்பி, தாய்க்கு வலதுகரமாய் நின்றார். பள்ளியை நடத்தினார். தாய்க்குப்பின் முக்தியைத் தாங்குவார் என்று எல்லாரும் எதிர்பார்த்திருந்தபோது, 1921 ஜூலையில், நாற்பதாம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வயதும் நோயும் நெருக்கிய நாட்களில் அந்தத் தாய் தம் ஒரே மகளை அடக்கம்பண்ணினார்.

ஆயினும் கையிலிருந்த பணியை அவர் விடவில்லை. கிராமத்துப் பெண்ணும் விளங்கிக்கொள்ளும் எளிய மராத்தியில் வேதத்தை மொழிபெயர்க்க, முதிர்வயதில் எபிரெயமும் கிரேக்கமும் கற்றிருந்தார். முக்தியின் பெண்களே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். மொழிபெயர்ப்புப் பணியை முடித்து, 1922 ஏப்ரல் 5-ஆம் நாள் ரமாபாய் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். முழு வேதாகமம் 1924-இல் வெளிவந்தது.

நமக்கு விட்டுச்சென்றது

தீமோத்தேயுவின் விசுவாசத்தைக் குறித்து எழுதும்போது, அவனுடைய பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பவுல் அப்போஸ்தலன் பெயர்சொல்லி நினைவுகூருகிறார். லட்சுமிபாய், ரமாபாய், மனோரமா என்னும் மூன்று தலைமுறைகளை நோக்கும்போது, ஒரு தாய் விடியுமுன் ஏற்றிய விளக்கு எத்தனை வீடுகளுக்கு வெளிச்சமாயிற்று என்று காண்கிறோம்.

பிழைப்புக்காக நகரத்திற்கு வந்த குடும்பங்களே! வீடு மாறும்போதும், வருமானம் குறையும்போதும் முதலில் நிறுத்தப்படுவது யாருடைய படிப்பு? மகனுடையதா, மகளுடையதா? சபையில் கணவனை இழந்த சகோதரிக்கு அடக்க ஆராதனையோடு நம் கடமை முடிந்ததா? அல்லது அவள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை யாராவது விசாரிக்கிறோமா? எழுப்புதலுக்காக இராமுழுதும் ஜெபிக்கும் நாம், விடிந்தபின் இக்கேள்விகளுக்கும் கர்த்தருக்கு முன்பாக உத்தரவு சொல்லவேண்டும்.

அடுத்தமுறை அந்த இருப்புப்பாதையில் செல்லும்போது, கேட்காவ் நிலையத்தை உங்கள் பிள்ளைகளுக்குக் காண்பியுங்கள். அந்தத் தாயின் சரித்திரத்தைச் சொல்லுங்கள். விசேஷமாக, உங்கள் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். திக்கற்றோரின் தகப்பனாகிய தேவன்தாமே நம் வீடுகளில் இப்படிப்பட்ட தாய்மாரையும் ஆசிரியைகளையும் எழுப்புவாராக. ஆமென்.