பூட்டிய நூலகத்துக்கும் நாம் வரி கட்டுகிறோம்

ஊராட்சியில் வீட்டு வரி கட்டியதும் கொடுக்கிற ரசீதை மடித்துப் பைக்குள் வைப்பதற்கு முன்னால் ஒருமுறை முழுதாகப் படித்துப் பாருங்கள். அதில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு என்பது கணக்கு. 300 ரூபாய் வீட்டு வரி கட்டினால், அதற்கு மேல் 30 ரூபாய் நூலகத்துக்கு. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமல்பட்டியில் ஓட்டு வீட்டில் இருப்பவரும் இதைக் கட்டுகிறார்; ஓசூரில் நாலு மாடி கட்டி வாடகைக்கு விட்டிருப்பவரும் கட்டுகிறார். நூலக வாசலை ஒருநாளும் மிதிக்காதவருக்கும் விலக்கு இல்லை.

ஆகவே நூலகம் கேட்பது அரசிடம் சலுகை கேட்பதாகாது. கட்டிய பணத்துக்குக் கணக்குக் கேட்பது அது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு.

1948-இல் அன்றைய சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. அப்போது கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார்; சட்டத்துக்குப் பின்னால் இருந்த மூளை, சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன். சுதந்திர இந்தியாவில் நூலகத்துக்கென வந்த முதல் சட்டம் இதுதான். உள்ளாட்சிகள் வசூலிக்கும் நூலக வரி மாவட்ட நூலக ஆணைக்குழு என்ற அமைப்புக்குப் போய்ச் சேர வேண்டும். புத்தகம், பத்திரிகை, வாடகை, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் அங்கிருந்து பணம் வர வேண்டும் என்பது ஏற்பாடு.

பணம் மாவட்ட அளவில் ஒன்றாகச் சேர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆயிரம் வீடுள்ள ஊரில் வீட்டுக்கு 30 ரூபாய் வந்தால் ஆண்டுக்கு 30 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 2,500 ரூபாய். ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கவே அது போதாது, புத்தகம் எங்கே வாங்குவது? சிற்றூர் தன் வரியைக் கொண்டு தானே நூலகம் நடத்திக்கொள்ள முடியாது. ஆனால் அதே மாவட்டத்தில்தான் ஓசூர் இருக்கிறது. 2019-இல் மாநகராட்சி ஆன ஊர். சிப்காட், புதுப்புது குடியிருப்புகள், கர்நாடக எல்லைவரை நீண்டுகொண்டே போகும் வீட்டுமனைகள் என்று ஒவ்வோர் ஆண்டும் அதன் சொத்து வரி கூடுகிறது. அதோடு நூலக வரியும் கூடியே ஆக வேண்டும். ஓசூரில் எழும் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு பங்கு, ஊத்தங்கரை வட்டத்தில் ரயில் பாதையோரம் இருக்கும் சாமல்பட்டிப் பிள்ளைகளின் படிப்புக்கும் வர வேண்டும். சட்டம் அதற்குத்தான் வழி செய்திருக்கிறது.

நடைமுறையில் இரண்டு இடங்களில் பணம் தங்கிவிடுகிறது. ஒன்று, வசூலித்த உள்ளாட்சி அதை ஆணைக்குழுவுக்குச் செலுத்தாமல் பாக்கி வைப்பது. சென்னை மாநகராட்சியின் நூலக வரி பாக்கியே பல முறை செய்தியாகியிருக்கிறது. சிறிய ஊர்களின் பாக்கியைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. இரண்டாவது, நகரத்து மைய நூலகமும் பெரிய கிளைகளும் எடுத்துக்கொண்டது போக மீதி மட்டுமே கிராமத்துக்கு வருவது.

சரி, கிராமத்தில் இருப்பது எந்த நூலகம்? இங்கேதான் குழப்பம். பொது நூலக இயக்ககத்தின் கீழ் மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று படிப்படியாக மாநிலம் முழுக்க 4,600-க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. இவற்றுக்கு வெளியே, 2006-இல் தொடங்கிய அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில், ஊராட்சிதோறும் ஒரு நூலகம் என்று கட்டினார்கள். அப்போது 12,618 ஊராட்சிகள். முகப்பில் பெயர் எழுதிய அந்தச் சின்னக் கட்டடத்தைப் பார்க்காமல் இந்தப் பக்கம் எந்த ஊரையும் கடக்க முடியாது. அது ஊரக வளர்ச்சித் துறையின் சொத்து; பராமரிப்பு ஊராட்சியின் பொறுப்பு. நூலகத் துறையின் நூலகர் அங்கே கிடையாது. சொற்பத் தொகைக்கு யாரோ ஒருவர் திறந்து மூடிக்கொண்டிருந்தார். ஆட்சி மாறியதும் அந்தச் சொற்பமும் பல இடங்களில் நின்றது. கதவு பூட்டப்பட்டது. சில கட்டடங்களில் ரேஷன் மூட்டையும் தெருவிளக்குச் சாமானும் ஏறிக்கொண்டன.

எனவே "எங்கள் ஊரில் நூலகம் இருக்கிறது, ஆனால் திறப்பதில்லை" என்று மக்கள் மாவட்ட நூலக அலுவலரிடம் போனால், "அது எங்களுடையது இல்லை, ஒன்றிய அலுவலகத்தைக் கேளுங்கள்" என்று பதில் வரும். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் வரி கட்டுகிறவருக்கு எந்தத் துறை என்பது முக்கியமில்லை. கதவு திறந்திருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இதே சிக்கல் இருந்தது. கர்நாடகத்தில் 2019-இல் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களை நூலகத் துறையிடமிருந்து ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறைக்கு மாற்றினார்கள். 5,600-க்கும் அதிகமான நூலகங்கள் ஒரே கூரையின் கீழ் வந்தன. பஞ்சாயத்துகளே வெள்ளையடித்து, சுவரில் படம் வரைந்து, ஓட்டை உடைசலைச் சரிசெய்தன. 2020-இல், கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த நேரத்தில், 'ஓதுவ பெளக்கு' என்ற பெயரில் 6 முதல் 18 வயதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச உறுப்பினர் அட்டை கொடுத்தார்கள். அந்தத் துறையின் மூத்த அதிகாரியாக இருந்த உமா மகாதேவன் இதை முன்னின்று செய்தார். புதுக் கட்டடம் கட்டியா இவ்வளவு நடந்தது? பெரும்பாலும் இருந்த கட்டடமே. மாறியது, பொறுப்பு யாருக்கு என்பது. நாமும் கர்நாடகம் போலவே துறையை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் பயிற்சி பெற்ற நூலகர்களும், எழுபது ஆண்டு அனுபவமும் நூலகத் துறையிடம் இருக்கின்றன. ஊராட்சி நூலகக் கட்டடத்தை ஊர்ப்புற நூலகமாக ஏற்று ஒரு நூலகரை அமர்த்தினால் அதே பலன் கிடைக்கும். ஊர்ப்புற நூலகர்கள் முறையான ஊதியம் கேட்டு நீண்ட காலமாகப் போராடியவர்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சம்பளம் சரியாக வராத ஆளிடம் ஊரின் அறிவுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவது நியாயமில்லை.

பெரிய நூலகங்கள் வேண்டாம் என்பதும் இல்லை. 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் மதுரையில் 2.13 லட்சம் சதுர அடியில் கலைஞர் நூற்றாண்டு நூலகமும் வந்தன. இரண்டும் நிரம்பி வழிகின்றன. கோவையில் பெரியார் பெயரில் ஒன்றுக்கு 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நகராட்சிகளில் அறிவுசார் மையங்கள் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் சாமல்பட்டியிலிருந்து ஒரு பெண் மதுரைக்குப் போய்ப் படிக்க முடியாது. தினமும் கிருஷ்ணகிரிக்குப் போய்வரவே பஸ் காசும் வீட்டு அனுமதியும் வேண்டும்.

இந்தப் பகுதியில் நேரம்தான் பெரிய கேள்வி. போச்சம்பள்ளி சிப்காட்டுக்கும் ஓசூருக்கும் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்கள் ஷிப்ட் கணக்கில் வாழ்கிறார்கள். அரசு வேலைக்குக் குரூப் 4 தேர்வு எழுதுகிறவர் காலையில் ஏதோ ஒரு வேலை பார்த்துவிட்டு இரவில்தான் உட்கார முடியும். காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம் என்று திறக்கும் நூலகம் இவர்கள் யாருக்கும் பயன்படாது. கட்டடத்துக்குப் பத்து லட்சம் கேட்பதற்கு முன்னால், இரவு எட்டரை வரை திறக்க ஒரு ஆள் கேட்பது மேல். அதோடு விளக்கு, குடிநீர், உள்தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. கழிப்பறை இல்லாத நூலகத்துக்குப் பெண்கள் அரை மணி நேரத்துக்கு மேல் வரமாட்டார்கள். இதை எந்தத் திட்ட அறிக்கையும் முதல் பக்கத்தில் எழுதுவதில்லை.

ஒரு நூலகம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அலமாரியிலிருந்து கைக்கு வந்த பத்துப் புத்தகங்களை எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும் தேதித் தாளைப் பாருங்கள். திருப்பித் தர வேண்டிய நாளை முத்திரை குத்தும் தாள். கடைசி முத்திரை ஆறு வருடத்துக்கு முந்தியதாக இருந்தால், அந்தப் புத்தகம் அங்கே இருந்தும் இல்லாதது மாதிரிதான். சில புத்தகங்களில் தாள் வெள்ளையாகவே இருக்கும். சென்னையில் மொத்தமாக வாங்கி மாநிலம் முழுக்க ஒரே பட்டியலை அனுப்பினால் அப்படித்தான் ஆகும். நூல் கொள்முதலை இணையவழியில் வெளிப்படையாகச் செய்ய 2024-இல் கொள்கை வந்திருப்பது நல்ல தொடக்கம். அதற்கு மேல், வாசகர் எழுதிக் கேட்கும் புத்தகத்துக்கென்று ஒவ்வொரு கிளைக்கும் ஒரு சிறு தொகை தனியாக வேண்டும்.

இந்த மண்ணுக்கென்று அலமாரியும் வேண்டும். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் பலருக்குத் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழி. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர்கள் மொழியில் கதைப்புத்தகம் வைத்தால்தான் அவர்கள் உள்ளே வருவார்கள். சாமல்பட்டியின் பாறையைப் பற்றி உலகப் புவியியலாளர்கள் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள். பாறைக் குழம்பிலிருந்து பிறந்த அரிய கார்பனடைட் வகைக் கல் இங்கே கிடைக்கிறது. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பு கி.மு. 2172-ஐச் சேர்ந்தது என்று 2022-இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். சுற்று வட்டாரமெங்கும் நடுகற்கள். சாமல்பட்டியில் எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை இவற்றைப் பற்றித் தன் ஊர் நூலகத்தில் படிக்கக் கிடைக்கவில்லை என்றால், வேறெங்கே கிடைக்கும்?

குக்கிராமங்களுக்குப் பழைய வழியே இன்னும் பொருந்தும். 1931-இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். ரங்கநாதன் உடனிருந்து ஊக்கினார். 2022 டிசம்பரில் தொடங்கிய நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் முதியோர், மாற்றுத் திறனாளிகள் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோகிறார்கள். சாமல்பட்டியைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு இரண்டு மூன்று இளைஞர்களும் ஒரு பைக்கும் போதும்.

ஊர்க்காரர்கள் செய்யக்கூடியது என்ன? நூலகத்தில் உறுப்பினராகச் சேருங்கள். தரம் உயர்த்தும்போது உறுப்பினர் எண்ணிக்கையையும் பார்ப்பார்கள். 1,000 ரூபாய் கொடுத்தால் புரவலர், 5,000 கொடுத்தால் பெரும் புரவலர். வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகளிடம் கோயில் திருவிழாவுக்குக் கேட்பது மாதிரி இதற்கும் கேட்கலாம். வாசகர் வட்டம் அமைத்து, வாடகையில்லாத இடம் காட்டி மாவட்ட நூலக அலுவலருக்கு மனு கொடுக்கலாம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள்: போன ஆண்டு நம் ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, நூலகக் கட்டடத்தின் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது.