முகமும் பெயரும்

போர், பஞ்சம் என்ற செய்தி வரும்போதெல்லாம் பத்திரிகைகளில் ஒரு பெண்ணின் படமும் கூடவே வருவதை நாம் காண்கின்றோம். தலையிலே முக்காடு, மடியிலே குழந்தை, கண்ணிலே கலக்கம். படத்தின் அடியில் ‘அகதிப் பெண்’ என்ற இரண்டே சொற்கள். அவள் பெயர் யாது, எந்த ஊரவள் என்று நாம் கேட்பதுமில்லை, பத்திரிகை சொல்வதுமில்லை.

இத்தகைய படங்களுள் உலகப் புகழ் பெற்றது ஒன்றுண்டு. சோவியத் படையெடுப்பின் பின் ஆப்கானிஸ்தானை விட்டு ஓடிய மக்கள், பாகிஸ்தானின் பெஷாவர் நகருக்கு அண்மையில் நாசிர் பாக் முகாமில் தங்கியிருந்தனர். 1984ஆம் ஆண்டில் அங்கே கூடாரத்தில் நடந்த பள்ளிக்கூடத்தில், பச்சைக் கண்களையுடைய ஒரு சிறுமியை ஸ்டீவ் மக்கரி என்ற அமெரிக்கர் படம் பிடித்தார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் ‘நேஷனல் ஜியோகிரபிக்’ சஞ்சிகையின் அட்டையை அப்படம் அலங்கரித்தது. கண்களை உலகமே அறிந்தது. பெயரை எவரும் அறிந்திலர். 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பின்னரே சர்பத் குலா என்ற பெயர் வெளிவந்தது. அதுவரை அவர் தமது படத்தைக் கண்டதேயில்லை! 2016இல் போலி அடையாள அட்டை வைத்திருந்ததாகப் பாகிஸ்தானில் கைதாகி, தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். 2021இல் இத்தாலி அவருக்குப் புகலிடம் அளித்தது. படத்தின் புகழ் அவருடைய அகதி வாழ்வை முடித்துவிடவில்லை.

வேறொரு வழி

இதற்கு மாறான வழியில் சென்றவர், 1965இல் நியூயோர்க்கில் பிறந்த பசல் ஷேக். தந்தை வழியிற் கென்யாவுடன் உறவுடைய இவர், 1992இல் அந்நாட்டு அகதி முகாம்களுக்குச் சென்றார். வந்தோம், எடுத்தோம், போனோம் என்றில்லாது, மக்களோடு பழகி, அவர்கள் இசைவுடனேயே படம் பிடித்தார். கென்யாவில் தஞ்சமடைந்த சோமாலியப் பெண்களைப் பற்றிய ‘மகனுக்கோர் ஒட்டகம்’ என்னும் அவரது நூல் 2001இல் வெளிவந்தது. அதிலே பெண்கள் நம்மை நேருக்கு நேர் நோக்குகின்றனர். படத்தோடு பெயர் இருக்கின்றது. தாம் பட்ட துயரையும் அவர்களே தம் வாயாற் சொல்லுகின்றனர்.

சோமாலியர் தம் பெயரோடு தந்தை பெயரையும் பாட்டன் பெயரையும் சேர்த்தே வழங்குவர். மணமான பின்பும் பெண்கள் அதனை மாற்றுவதில்லை. ஆகவே முழுப் பெயரை எழுதுமிடத்து மூன்று தலைமுறைகள் அங்கே வந்து நிற்கின்றன. வீடும் நிலமும் இழந்தவளிடம் எஞ்சிய சொத்து அதுவேயன்றோ? அதனையும் நீக்கிவிட்டால் அவள் வெறும் ‘அகதி’ ஆகிவிடுகின்றாள்.

பெயர் வெளிவருவதே சிலருக்கு ஆபத்தாகவும் முடியலாம். அதனைச் சொல்வதா, மறைப்பதா என்று தீர்மானிக்க வேண்டியவள் அந்தப் பெண்தான், படம் பிடிப்பவரல்லர்.

நம் நாட்டிலும் போர்க்காலத்தில் கலியாணப் படங்களைக்கூட எடுக்க அவகாசமின்றி வீட்டை விட்டோடிய குடும்பங்கள் பல. ஒரு படத்தின் பெறுமதி அக்குடும்பத்துப் பெண்களுக்கு நன்கு தெரியும். இனி ஓர் அகதிப் பெண்ணின் படத்தைக் காணும்போது, இரக்கப்படுவதற்கு முன் அதன் அடியில் பெயர் இருக்கின்றதா என்று பார்ப்போமாக.