பேரேட்டு வரிசை கம்ப்யூட்டரில் கலையாமல் இருக்க...



சேமிப்பு, உள்கடன், வட்டி என்று நம் குழுக் கணக்கு எல்லாமே கட்டம் போட்ட கணக்குதான். நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுவிடுகிறோம். கம்ப்யூட்டரில்? ஸ்பேஸ் கட்டையைத் தட்டித் தட்டி நேராக்குகிறோம். அச்சன்புதூரில் நேராக இருந்த வரிசை, தென்காசியில் வேறு கம்ப்யூட்டரில் திறந்ததும் கோணலாகிவிடும். ஒரு உறுப்பினரின் சேமிப்பு 1200 பக்கத்துக் கட்டத்துக்கு நகர்ந்து கடன் பாக்கியாகத் தெரிந்தால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்க.

இதற்கு ஈமேக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு வழி இருக்கிறது. அதற்குள் இருக்கும் ஆர்க் மோட் என்ற பகுதியை 2003-ல் கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியல் அறிஞர் எழுதினார். ஃபைல் பெயர் 'டாட் ஓஆர்ஜி' என்று முடிய வேண்டும். பிறகு ஸ்பேஸுக்குப் பதில் நெட்டுக்கோடு போட்டு எழுதுங்கள்:

| எண் | சேமிப்பு | பாக்கி |
|-
| 1 | 1200 | 5000 |
| 2 | 900 | |

டேப் கட்டையைத் தட்டினால் கட்டங்கள் தானே ஒழுங்காகும், இரண்டாம் வரியில் கோடும் முழுசாக நீளும். தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு அகலம் என்பதால் திரையில் கொஞ்சம் கோணலாகத் தெரியலாம். கவலை வேண்டாம், கணக்கில் வருவது நெட்டுக்கோடு மட்டுமே. ஆனால் பாக்கி இல்லாதவருக்கும் காலிக் கட்டம் விட வேண்டும். அதை விட்டால் பழைய குழப்பமே திரும்ப வரும்.

ஒரு பத்தியில் நின்று கண்ட்ரோல் சி, பிறகு கூட்டல் குறி தட்டினால் அந்தப் பத்தியின் கூட்டுத்தொகை கீழே தெரியும். பேரேட்டுத் தொகையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இதற்காகவே 1,200 என்று கமா போடாதீங்க, கூட்டல் தப்பாகும்.

இனி கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் இ, பிறகு எச் கட்டையை இரண்டு தடவை. அவ்வளவுதான். எச்டிஎம்எல் ஃபைல் தயார். தலைப்பு வரி தலைப்பாகவே வரும், எண்கள் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கும். போனிலும் பிரவுசரில் திறக்கலாம், இன்டர்நெட்கூட வேண்டாம். வேர்டில் சேமித்த எச்டிஎம்எல்-இல் தேவையில்லாத குறியீடுகள் மூட்டை மூட்டையாக இருக்கும். இதில் அந்தத் தொல்லை குறைவு.

சேமிக்கும்போது யுடிஎஃப் 8 முறையா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

இன்னொன்று. இந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்புவது சுலபம், அதனாலேயே பயமும் உண்டு. யாருக்கு எவ்வளவு கடன் என்பது குழுவுக்குள் இருக்க வேண்டிய விஷயம். வெளியே போகும் அட்டவணையில் பெயரை எடுத்துவிட்டு, உறுப்பினர் எண்ணை மட்டும் போடுங்கள்.