மின்சாரம் நின்றால் கடல் எங்கே போகும்?

வீட்டில் கடல்மீன் வளர்ப்பவரிடம், "உங்கள் தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர்?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "மின்சாரம் நின்றால் அதில் எத்தனை லிட்டர் கீழே இறங்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் விழிப்பார்கள். ஒரு விடுமுறையில் ஒற்றசேகரமங்கலத்தில் அக்காள் வீட்டில் தங்கியிருந்தபோது, இந்த இரண்டாவது கேள்விக்கு இரவு இரண்டு மணிக்கு எனக்கு விடை கிடைத்தது. கட்டிலை விட்டு இறக்கிய கால் நேரே தண்ணீரில் பட்டது.

ஒற்றசேகரமங்கலம், பாறசாலை - நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களில் ஒன்று. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. இந்தப் பகுதி கேரளத்தில் நின்றது. வீட்டுக்குள் தமிழும் வாசலில் மலையாளமுமாக வாழும் குடும்பங்கள் இங்கே உண்டு. அகத்தியர் மலையில் பிறக்கும் நெய்யாறு இந்தப் பக்கமாக இறங்கி, பூவாறில் கடலைச் சேர்கிறது. சுற்றிலும் ரப்பர் மரங்கள். இந்த மலையோரத்தில் கடல்மீனா என்று கேட்காதீர்கள். அத்தான் வளைகுடாவில் இருந்தபோது பிடித்துக்கொண்ட ஆசை அது. ஊர் திரும்பியதும் மூன்று கண்ணாடித் தொட்டிகள் கட்டி, மூன்றுக்கும் பொதுவாகக் கீழே ஒரு தொட்டி வைத்தார்.

அந்தக் கீழ்த்தொட்டியைத்தான் சம்ப் என்கிறார்கள். நாஞ்சில் நாட்டுக் குளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது. மேல் குளம் நிரம்பினால் மறுகால் பாய்ந்து தண்ணீர் கீழே போகும். அதேபோல் ஒவ்வொரு தொட்டியின் மேல் விளிம்பிலும் ஒரு மறுகால் உண்டு. அதில் வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். அங்கே அழுக்கு நீங்கும். பிறகு மோட்டார் அதை மீண்டும் மேலே ஏற்றும். ஒரே ஒரு வேற்றுமை: குளத்து நீர் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரிசையாகப் போகும். மீன் தொட்டிகளில் அப்படி வைத்தால் முதல் தொட்டியின் கழிவெல்லாம் கடைசித் தொட்டிக்குப் போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு தொட்டிக்கும் தனி இறங்கு குழாய், மேலேறும் கிளைக் குழாயில் தனி வால்வு வைக்க வேண்டும். இறங்கு குழாய் அடைத்துக்கொண்டால் தொட்டி மேலே வழியும். அதற்காகச் சற்று உயரத்தில் இன்னொரு குழாயும் வேண்டும்.

அத்தான் இதையெல்லாம் சரியாகவே செய்திருந்தார். பிறகு ஏன் வீட்டுக்குள் வெள்ளம்?

மறுநாள் காலை காகிதமும் அளவுகோலுமாக உட்கார்ந்தோம். மேல் தொட்டி ஒவ்வொன்றும் 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம். மோட்டார் ஓடும்போது தண்ணீர் மறுகால் விளிம்புக்கு மேலே 2 செ.மீ. நிற்கும். மோட்டார் நின்றதும் அது வழிந்து இறங்கும். தொட்டிக்கு 8 லிட்டர், மூன்றுக்கும் 24 லிட்டர். குழாய்களிலும் மறுகால் பெட்டிகளிலும் உள்ளது ஒரு 10 லிட்டர். ஆக 34 லிட்டர். இது எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது வேறொன்று. தண்ணீரை மேலேற்றும் குழாயின் வாயை அத்தான் விளிம்பு மட்டத்துக்கு 7 செ.மீ. கீழே அமிழ்த்தி வைத்திருந்தார். சலசலப்புக் கேட்கக்கூடாதே என்ற எண்ணம். மோட்டார் நின்றதும் அதே குழாய் தலைகீழாக வேலை செய்தது. மண்ணெண்ணெய் டின்னிலிருந்து ரப்பர் குழாயில் உறிஞ்சி இறக்குவோமே, அதே கதைதான். வாய் வெளியே தெரியும்வரை தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. தொட்டிக்கு 28 லிட்டருக்கு மேல், மூன்றுக்கும் சேர்த்து 85 லிட்டர். மொத்தம் 119 லிட்டர்.

கீழ்த்தொட்டி 120 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். அதில் ஒரு செ.மீ. உயரம் என்பது 5.4 லிட்டர். அத்தான் 30 செ.மீ. வரை நீர் நிறுத்தியிருந்தார். மீதி 15 செ.மீ.யில் 81 லிட்டர்தான் கொள்ளும். எஞ்சிய 38 லிட்டர் உப்புத் தண்ணீர் தரையில்!

கதை அதோடு முடியவில்லை. விடியற்காலையில் மின்சாரம் வந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியது. கீழ்த்தொட்டிக்குள் கண்ணாடித் தடுப்புகள் உண்டல்லவா? தடுப்புக்குப் பின்னால் உள்ள அறைகளில் நீர்மட்டம் குறையாது. குறைந்த 38 லிட்டரும் கடைசியில் உள்ள மோட்டார் அறையின் கணக்கிலேயே விழும். அந்த அறையின் நீளம் 30 செ.மீ.தான். அங்கே நீர்மட்டம் 28 செ.மீ. இறங்கிவிட்டது. மோட்டார் காற்றை இழுத்து, சூடாகி, எரிந்துபோயிற்று. விடிந்து பார்க்கையில் மீன்கள் மேல்மட்டத்தில் வாய் திறந்து தவித்தன. குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றி மற்றவற்றைக் காப்பாற்றினோம். நீல நிற டாம்சல் மீன் ஒன்று போய்விட்டது. அக்காள் மகள் அன்று பள்ளிக்கூடம் போகவில்லை.

"தம்பி, மேலே இருக்கறத பாத்துப் பாத்துக் கட்டினேன். கீழே இருக்கறத ஒரு பெட்டின்னு விட்டுட்டேன்," என்றார் அத்தான்.

பாடம் அதுதான். கீழ்த்தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதைவிட, எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதே முக்கியம். மாற்றியமைத்தபோது தடுப்புகளைக் குறைத்து நீர்மட்டத்தை 25 செ.மீ.க்கு இறக்கினோம். குழாய் வாயை மேலே தூக்கினோம். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சிறு துளையும் போட்டோம். மட்டம் இறங்கியதும் துளை காற்றை இழுக்கும், உறிஞ்சுவது நின்றுவிடும். பாசியும் நத்தையும் இந்தத் துளையை அடைக்கும். மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிட வேண்டும். திரும்பி ஓடுவதைத் தடுக்கும் வால்வை மட்டும் நம்பாதீர்கள். ஒரு துளி மணல் சிக்கினாலும் அது மூடாது. இப்போது மின்சாரம் நின்றால் இறங்குவது 34 லிட்டர்தான். மட்டம் ஆறேகால் செ.மீ. உயர்கிறது, அவ்வளவே.

கட்டி முடித்ததும் முதல் வேலையாக நீங்களே சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பகலில், துணி கையில் இருக்கும்போது பாருங்கள். அடுக்குமாடியில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது இன்னும் அவசியம். உங்கள் வெள்ளம் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். மின்கசிவு கண்டால் தானே அணையும் சுவிட்சும், மின்வெட்டில் காற்று தரும் பேட்டரி மோட்டாரும் கட்டாயம் வேண்டும்.

இனி நடு அறைக்கு வருவோம். முதல் அறையில் துணி வடிகட்டி, கடைசி அறையில் மோட்டார். நடுவில் உள்ளது அடைக்கல அறை. ரெஃபூஜியம் என்பார்கள். பெரிய மீன்கள் தொடாத இடம் என்பதால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான சிற்றிறால் இனங்கள் அங்கே பெருகி, மேலே மீன்களுக்கு உணவாகும். அங்கே வளர்வது பாசி. மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அந்த நைட்ரேட்டைப் பாசி உண்டு வளர்கிறது. வளர்ந்த பாசியைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து வெளியேற்றினால் அழுக்கையே வெளியேற்றியதாகும். எடுக்காவிட்டால் பயனில்லை. அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வால்ட்டர் ஆடி 1980-களில் பாசியைக் கொண்டே கடல்நீரைச் சுத்தம் செய்யும் முறையை வளர்த்தெடுத்தார்.

இந்த அறைக்கு விளக்கை இரவில் போடுங்கள். மேல் தொட்டிகள் இருண்டிருக்கும் நேரத்தில் கரியமில வாயு கூடித் தண்ணீரின் காரத்தன்மை குறையும்; கீழே பாசி அந்த வாயுவை எடுத்துக்கொண்டால் அது சமன்படும். காலர்பா என்ற பாசி வேகமாக வளரும். ஆனால் சில வேளைகளில் ஒரே இரவில் வித்துகளை வெளியிட்டுக் கரைந்து தண்ணீரைப் பால்போல் ஆக்கிவிடும். நூல்கண்டு போன்ற கீட்டோமார்பா அவ்வளவு தொல்லை தராது. எடுத்த பாசியை ஆற்றிலோ கடலிலோ போடாதீர்கள். வெளியிலிருந்து வந்து தொழிலுக்காக வளர்த்த கப்பாபைகஸ் பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் பவளங்களைப் போர்த்தி வளர்ந்ததை 2008-இல் ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்தார்கள்.

இன்னும் மூன்று செய்திகள். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு ஆவியாவதில்லை. குறைவை நன்னீரால்தான் நிரப்ப வேண்டும். அந்தக் குறைவு மோட்டார் அறையில் மட்டுமே தெரியும். அங்கே ஒரு கோடு போட்டு வையுங்கள். இரண்டாவது, எல்லாத் தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர் என்றால் நோயும் ஒன்றுதான். புது மீனை நான்கு வாரமாவது இணைப்பில்லாத தனித் தொட்டியில் வைத்திருந்து பிறகு சேருங்கள். மூன்றாவது, இந்தியாவில் பவளமும் கடற்குதிரையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை. யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குஞ்சு பொரித்து வளர்த்த மீனே போதும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது.

நான் ஊர் திரும்பும் நாளுக்கு முந்தைய இரவும் மழை, மின்சாரம் இல்லை. அத்தான் டார்ச் விளக்கோடு கீழ்த்தொட்டி பக்கம் குந்தியிருந்தார். நீர்மட்டம் ஏறியது, கோட்டுக்கு வந்தது, நின்றது. "போய்ப் படுங்க தம்பி," என்றார். அன்று எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.