பழைய பிக்கப் வாங்கியோர் முதலில் கவனிக்க வேண்டியவை

செமிலிங் வட்டாரத்தில் முன்னாளில் பால் வாளிகளை மிதிவண்டியில் கட்டிச் சென்றவர்களின் பிள்ளைகள் இன்று பிக்கப் வண்டி வாங்குகின்றனர். புதிது வாங்க வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. பத்து, பதினைந்து ஆண்டு ஓடிய வண்டியே பெரும்பாலும் கைக்கு எட்டுகிறது. பல்லாண்டுச் சேமிப்பு அதில் அடங்கியிருப்பதால், வாங்கிய முதல் வாரத்தில் செய்ய வேண்டிய பராமரிப்பைப் பற்றி ஈண்டுக் கூற விழைகிறோம்.

உரிமை மாற்றத்திற்கு முன் வண்டி பரிசோதனைக்குச் செல்கிறது. அதில் தேறிவிட்டால் எல்லாம் சரியாக உள்ளதென்று பலர் எண்ணிவிடுகின்றனர். இயந்திர எண், அடிச்சட்ட எண், வெளிப்புறம், அடிப்பகுதி முதலியவற்றை அங்கே பார்ப்பார்கள். இயந்திர எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்பதை எவரும் பார்ப்பதில்லை. மீட்டர் காட்டும் தூரமும் மெய்யென நம்பத்தக்கதன்று. ஆதலால், ரசீது இல்லாத எந்த வேலையையும் செய்யப்படாத வேலையென்றே கொள்ள வேண்டும்.

இதை நாம் பட்டறிந்து கூறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் நாமும் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினோம். டைமிங் பெல்ட் சென்ற ஆண்டுதான் மாற்றியதாக விற்றவர் சொன்னார். ரசீது கேட்கக் கூச்சப்பட்டோம். நான்காம் மாதம் பெல்ட் அறுந்து, வால்வுகள் வளைந்தன. பெல்ட் மாற்ற ஆகும் செலவைப் போல் பல மடங்கு செலவாயிற்று. எல்லா வண்டிக்கும் பெல்ட் இல்லை. சிலவற்றில் சங்கிலி உண்டு. 2.5 லிட்டர் ஹைலக்ஸ் பழைய வகையில் பெல்ட், 3.0 லிட்டர் டி-மேக்ஸ் பலவற்றில் சங்கிலி. நம் வண்டியில் உள்ளது எது என்பதைப் பட்டறையில் முதலிலேயே கேட்டறிதல் நன்று.

அடுத்தது டீசல் வடிகட்டி. நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த உயிரி டீசல் கலக்கப்படுகிறது. 2019ஆம் ஆண்டு முதல் போக்குவரத்திற்கான கலவை 10 விழுக்காடாயிற்று. உயிரி டீசல் ஈரத்தை எளிதில் ஈர்க்கும். பழைய தொட்டியின் அடியில் படிந்த அழுக்கையும் கரைத்துக் கொண்டுவரும். நெடுநாள் நின்ற வண்டியில் இரண்டும் வடிகட்டியில் வந்து சேர்கின்றன. புதிய வடிகட்டி போட்டு, அதன் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். காற்று வடிகட்டியையும் அன்றே பாருங்கள். வெளிக்காட்டுச் செம்மண் தூசி அதை விரைவில் அடைத்துவிடும். அடைத்தால் வண்டி கூடுதல் டீசல் குடிக்கும். 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பிரேக் எண்ணெயும் ஈரத்தை ஈர்ப்பதே. சுமையோடு மேட்டு நிலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் சூடேறி அந்த ஈரம் ஆவியானால், மிதிக்கட்டை தரைவரை இறங்கும், வண்டியோ நிற்காது. பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களையும் படியுங்கள்: 2319 என்றிருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. பூக்கள் தேயாதிருந்தாலும் வயதான டயர் வெடிக்கக் கூடும்.

இயந்திர எண்ணெய், கியர் எண்ணெய், ரேடியேட்டர் நீர் ஆகியவற்றைப் பட்டறைக்காரரே நினைவூட்டுவார். நான்கு சக்கர இயக்கம் இருப்பின் முன், பின் அச்சுகளின் எண்ணெயை நாமே நினைவூட்ட வேண்டியிருக்கும்.

பால் வெட்டுவோர் தனியே அறிய வேண்டியது ஒன்றுண்டு. மங்கில் உறைந்த கட்டிப்பாலிலிருந்து வடியும் நீர் அமிலத்தன்மை உடையது. பாலை உறையவைக்க ஃபார்மிக் அமிலம் சேர்த்திருந்தால் இன்னும் மோசம். அது பின்தட்டின் இடுக்கு வழியே இறங்கி அடிச்சட்டத்தை அரிக்கும். மேலே புதுச்சாயம் பளபளக்க, அடியில் இரும்பு உதிரும். வாங்கும் முன்பே கைவிளக்கோடு கீழே குனிந்து பார்ப்பது முறை. பாரம் இறக்கிய அன்றே பின்தட்டையும் அடிப்பகுதியையும் தண்ணீர் பாய்ச்சிக் கழுவிவிடுங்கள். மறுநாள் காலை வரை விடாதீர்கள்.