கொல்லையில் தேன்பெட்டி: பெண்களுக்கு ஏற்ற தொழில்



ஓசூரைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிவிட்டன. வயசுப் பிள்ளைகள் பஸ் ஏறி வேலைக்குப் போய்விடுகிறார்கள். கைக்குழந்தைக்காரர்களும், மாடு கன்றைப் பார்க்க வேண்டியவர்களும் ஊரிலேயேதான் இருக்க வேண்டியிருக்கு. வீட்டிலிருந்தபடியே அவர்கள் செய்யக்கூடியது தேனீ வளர்ப்பு. இதுக்குச் சொந்த நிலம் வேண்டாம். மர நிழலில் நாலு முழம் இடம் இருந்தால் போதும்.

நம் பக்கம் பூவுக்குப் பஞ்சமில்லை. கிருஷ்ணகிரி மாந்தோப்புகள் தை, மாசியில் பூக்கும். அதன்பின் வேம்பும் புங்கனும், அப்புறம் புளியும் பூக்கும். கன்னடத்தில் ஹுச்செள்ளு என்கிறோமே, அந்தப் பேயெள்ளு தன் மகரந்தத்தால் தானே காய் பிடிக்காது. தேனீ வந்தால்தான் மணி நிறையும். பூசணி, பாகல், சூரியகாந்திக்கும் தேனீயால் லாபம்தான்.

எல்லாத் தேனீயும் பெட்டிக்கு வராது. மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் வெட்டவெளியில் ஒற்றை அடை கட்டுபவை. மரப்பொந்திலும் புற்றிலும் பல அடைகள் கட்டுகிற இந்தியத் தேனீதான் வீட்டுக்கு ஏற்றது. 1910களில் திருச்சியில் நியூட்டன் பாதிரியார் அதுக்கென்று அமைத்த பெட்டியே இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மார்த்தாண்டம் பக்கம் இதுவே குடும்பத் தொழிலாக வளர்ந்தது.

பெட்டியை வாங்கி வைத்தால் மட்டும் தேன் வந்துவிடுமா? வராது. பழக்கமில்லாத கையில் ஆறு மாசத்தில் பெட்டி காலியாகிவிடும். அதனால் பயிற்சி ஒரு நாள் கூட்டத்தோடு நின்றுவிடக் கூடாது. ஒரு பூப்பருவம் முழுக்க நடக்க வேண்டும். ராணியையும் முட்டையையும் அடையாளம் காணவும், புகை போட்டு நிதானமாகச் சட்டத்தைத் தூக்கவும் தெரிய வேண்டும். வாரம் ஒரு தரம் பெட்டியைத் திறந்து பார்க்கணும். தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது. அடியில் சேரும் குப்பையைத் துடைத்தால் மெழுகுப்பூச்சி அண்டாது. பூ இல்லாத காலத்தில் சர்க்கரைப் பாகு வைக்கணும்.

தேன் எடுப்பதிலும் முறை இருக்கு. அடையின் அறைகளை மெழுகால் மூடிய பிறகே எடுக்க வேண்டும். மூடாத தேனில் தண்ணீர் அதிகம், புளித்துப் போகும். அடையைப் பிழியாமல், தேன் எடுக்கும் கருவியில் சுற்றி எடுங்கள். புழு சாகாது, அதே அடையில் தேனீ மறுபடி நிரப்பும். நல்ல பராமரிப்பில் ஒரு பெட்டி வருஷத்துக்கு ஐந்து முதல் பத்து கிலோ கொடுக்கும். இரண்டு பெட்டியில் தொடங்குங்கள். கை பழகின பிறகு கூட்டுங்கள். கடன் வாங்கி எடுத்த எடுப்பில் இருபது பெட்டி வேண்டாம்.

ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். 1991, 92இல் தாய்லாந்து பைப்புழு நோய் என்ற வைரஸ் நோய் வந்து தென்னாட்டில் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்தன. புழு நீர்ப்பை போல உப்பிச் சாகும். அதுக்கு மருந்து கிடையாது. நோய்ப்பெட்டியின் அடையை மற்றதில் வைக்காதீர்கள். தாங்கி நின்ற கூட்டத்திலிருந்தே புதுக்கூட்டம் பிரியுங்கள்.

இன்னொரு ஆபத்து பக்கத்துத் தோட்டத்து மருந்து. மா பூக்கும்போது தத்துப்பூச்சிக்குப் பகலில் தெளித்தால், பூவுக்குப் போன தேனீ திரும்பாது. தேனீக்கு வரப்புத் தெரியாதே! ஒரு பெண் தனியாகப் போய்ச் சொன்னால் தோட்டக்காரர் கேட்பாரோ, மாட்டாரோ. பத்துப் பேர் சேர்ந்து போனால் கேட்பார். மருந்தடிக்கிற தேதியை முன்கூட்டிச் சொல்லச் சொல்லுங்கள். தேனீ கூட்டுக்குத் திரும்பின பிறகு, சாயங்காலம் அடிக்கச் சொல்லுங்கள்.

சேர்ந்து நிற்பது நமக்குப் புதுசா? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களை அரசு 1989இல் முதலில் தொடங்கியது அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். 2004 வரை கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதில்தான் இருந்தன. அந்தக் குழுவாகவே பயிற்சிக்குப் போங்கள். தேன் எடுக்கும் கருவி ஒன்றைப் பொதுவில் வாங்கினால் செலவு குறையும். ஒருத்தி பெட்டியில் நோய் கண்டால் மற்றவர்களும் உஷாராகலாம். எலுமிச்சங்கிரி வேளாண் அறிவியல் நிலையத்திலும் பையூர் ஆராய்ச்சி நிலையத்திலும் பயிற்சி பற்றி விசாரியுங்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்டியைப் பார்ப்பது அம்மா என்றால், தேன் விற்ற காசும் அவர் கையிலேயே இருக்கட்டும்.